கணு நாற்பத்தொன்று

என் வேலை கெடுப்பது.
தார்ஹான் தொழில்நுட்பக் கல்லூரியின் மூன்றாம் மாடியில்
பதினாறு திரைகளுக்குள் ஓடுகிற
போலி அனல் நிலையத்தை
வாரம் இருமுறை, மாணவர் கண்ணில் படாமல்,
கெடுத்து வைப்பது.

சிலநாள் ஒரு பம்பைத் திக்க வைப்பேன்.
சிலநாள் வெப்பமானிக்குப் பொய் பழக்குவேன்:
எழுபது என்று காட்டும், உள்ளே நாற்பத்தெட்டு.
வெளியே மட்டும் எப்போதும் மைனஸ் முப்பத்தேழு.
அதை நான் தொடுவதில்லை.
அங்கே ஓர் இரவுக்கு அரைமணி நேரம்.
விடிவதற்குள் நகரம் உறையாதிருந்தால் தேர்ச்சி.

செப்டம்பரில் சேர்ந்தவர்கள்
முதல் மாதத்தில் நகரத்தைப் பத்தொன்பது முறை கொன்றார்கள்.
ஒவ்வொரு முறையும் சிரிப்பு,
பின்வரிசையிலிருந்து ஒரு கைதட்டல்,
பிறகு 'மீண்டும் தொடங்கு'.
கொதிகலன் வெடித்த அதே மேசையில்
உப்புத் தேநீர் ஆறிக்கொண்டிருக்கும்.
இதற்காகத்தானே இதைச் செய்தோம்.
நிஜக் கொதிகலனில் அந்தப் பொத்தான் கிடையாது.

நவம்பரில் கை பழகிவிட்டது.
பதினான்காம் பழுது என் பெருமை:
நள்ளிரவு, முதன்மைக் குழாயில் விரிசல்,
அழுத்தம் சரிந்துகொண்டே போகும்.
எழுத மூன்று வாரம் ஆயிற்று.
டுல்குன் நான்கே நிமிடத்தில் முடித்தான்.
கணு நாற்பத்தொன்றின் வால்வை மூடினான், அவ்வளவுதான்.
அழுத்தம் நிமிர்ந்தது.
திரை முழுக்கப் பச்சை, ஒன்று மட்டும் சாம்பல்.
மதிப்பெண் தொண்ணூற்று நான்கு.

மறுநாள் எல்லோரும் நாற்பத்தொன்றை மூடினார்கள்.

தவறு சொல்ல முடியாது.
நிரலில் அது வெறும் எண்:
மூன்று புள்ளி இரண்டு மெகாவாட்.
நகராட்சி அட்டவணையைப் பார்த்து நான்தான் போட்டேன்,
ஒரு வெள்ளி மாலை, வீட்டுக்குப் போகும் அவசரத்தில்.
வீடு எங்கே என்று கேட்டால்
அதே அட்டவணையில், நாற்பத்தொன்று.

யாரிடமும் சொல்லவில்லை.
அன்றிரவு ரேடியேட்டர் மேல் காய்ந்த
மகனின் கையுறையைத் திருப்பிப் போட்டேன்.
இரண்டு நொடிக்கு மேல் விரல் வைக்க முடியவில்லை.

பிறகு ஒரு மாற்றம் செய்தேன்.
கணுக்களின் எண்களை எடுத்துவிட்டுக்
கட்டடங்களை எழுதினேன்.
மகப்பேறு மருத்துவமனை வைக்கவில்லை; அது மிகை.
ஐந்து மாடி, அறுபது கதவு.
ரொட்டிக்கடை, மேலே நான்கு குடும்பம்.
பேருந்துப் பணிமனை.

டுல்குனின் கை சுட்டெலி மேல் நின்றுவிட்டது.
அவன் யோசித்து முடிப்பதற்குள்
அந்த வாரம் இரண்டு முறை நகரமே உறைந்தது.
துறைத்தலைவர் ஓட்கொன் கேட்டார்:
"சராசரி நேரம் கூடிவிட்டதே, நிரலில் பிழையா?"
பார்க்கிறேன் என்றேன்.

நொமுந்தரி எதையும் மூடவில்லை.
எல்லா வால்வையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினாள்,
பம்பின் வேகத்தைத் தணித்தாள்.
அழுத்தம் தளர, கசிவும் தளர்ந்தது.
அறைகளெல்லாம் இருபத்தொன்றிலிருந்து பதினான்குக்கு இறங்கின.
திரையில் ஒரு பச்சை இல்லை, ஒரு சாம்பல் இல்லை,
மூலைக்கு மூலை மஞ்சள்.
அப்படியே விடிந்தது.

மதிப்பெண் ஐம்பத்தெட்டு.
தேற அறுபது வேண்டும்.

"எல்லாரும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தூங்கினால் போதுமே,"
என்றாள் என்னிடம்,
சண்டைக்கு அல்ல,
கடையில் விலை கேட்பதைப்போல.

மஞ்சளுக்கு மதிப்பெண் வைக்க
எனக்குத் தோன்றியதே இல்லை.

இப்போது மணி ஒன்பது. கோப்பு திறந்திருக்கிறது.
ஒரு ஸ்வெட்டருக்கு எத்தனை தருவது?
டுல்குனின் தொண்ணூற்று நான்கைக் குறைக்கவும் மனமில்லை;
மூடியே ஆகவேண்டிய இரவும் ஒன்று வரும்.
அவளுக்கு ஏழு கூட்டினேன்.
ஏன் ஏழு என்று கேட்டால் பதில் இல்லை.

அப்படியே பதினைந்தாம் பழுதையும் தொடங்கிவிட்டேன்.
இதில் மஞ்சளும் உதவாது.
அவள் என்ன செய்வாள் என்று
எனக்கே தெரியவில்லை.